முழுக்கையா, அரைக்கையா: சியரா லியோன் போரில் வெட்டப்பட்ட கைகள்

சட்டை தைக்கக் கொடுக்கும்போது தையற்காரர் முதலில் கேட்பது, முழுக்கையா அரைக்கையா என்பதுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில், 1990-களின் பிற்பகுதியில், இதே கேள்வியைக் கையில் வெட்டுக்கத்தியுடன் நின்ற கிளர்ச்சியாளர்கள் கேட்டார்கள். எதிரே வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள் விவசாயிகள், சந்தைக்கார அம்மாக்கள், பள்ளிப் பிள்ளைகள். முழுக்கை என்றால் மணிக்கட்டில் வெட்டு விழும். அரைக்கை என்றால் முழங்கைக்கு மேலே.

அந்தக் கொடுமையின் படங்கள் வெளியுலகுக்கு வந்தபோது பலரும் சொன்ன விளக்கம் "வெறி". போதையேறிய சிறுவர்கள், காட்டுமிராண்டித்தனம், ஆப்பிரிக்காவின் சாபம் என்றெல்லாம் எழுதினார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. வெறி இடம் பார்க்காது, காலம் பார்க்காது. சியரா லியோனில் கைகள் வெட்டப்பட்ட இடங்களையும் நாட்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கணக்கு இருந்தது தெரிகிறது. வெட்டுப்பட்ட உடல் ஒரு கடிதமாக அனுப்பப்பட்டது. யாருக்கு, எதற்காக என்பதுதான் இந்த ஆய்வு.

போர் தொடங்கிய விதம்

1991 மார்ச் 23 அன்று, லைபீரிய எல்லையை ஒட்டிய கைலாஹுன் மாவட்டத்தின் பொமாரு என்ற ஊருக்குள் ஒரு சிறு படை நுழைந்தது. புரட்சிகர ஐக்கிய முன்னணி, சுருக்கமாக ஆர்.யு.எஃப்., என்று அது தன்னை அழைத்துக்கொண்டது. தலைவர் ஃபோடே சாங்கோ. முன்னாள் ராணுவக் கார்ப்பரல்; 1971-இல் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி ஒன்றில் தொடர்புடையவர் என்று சிறை சென்றவர்; பிறகு புகைப்படக்காரராகப் பிழைத்தவர்; லிபியாவில் ஆயுதப் பயிற்சி பெற்றவர். அவருக்குப் பின்னால் லைபீரியாவின் போர்த்தலைவர் சார்ல்ஸ் டெய்லர் நின்றார். முதல் தாக்குதலில் வந்தவர்களில் பெரும் பகுதி டெய்லரின் ஆட்கள்.

நாட்டில் கோபம் கொள்ளக் காரணங்கள் நிறையவே இருந்தன. 1968 முதல் ஒரே கட்சியின் பிடி. சியாகா ஸ்டீவன்ஸ் ஆட்சியில் வைரப் பணம் நெருக்கமானவர்களின் பைகளுக்குப் போனது. ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. உள்நாட்டு மாவட்டங்களைத் தலைநகரோடு இணைத்த ரயில் பாதையையே 1970-களில் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். கிராமத்துத் தலைவர்கள் சின்னத் தப்புக்கும் பெரிய அபராதம் விதிக்க, கட்ட முடியாத இளைஞர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். போருக்குப் பின் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், ஊழலும் இளைஞர்களைக் கைவிட்ட ஆட்சியுமே போருக்கு வழி திறந்தன என்று 2004-இல் எழுதியது. அது சரியான கணிப்பு.

ஆனால் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதும், அந்தக் கோபத்தின் பெயரால் வந்தவர்கள் யார் என்பதும் வேறு வேறு. ஆர்.யு.எஃப். வந்த முதல் ஆண்டிலேயே ஊர்த்தலைவர்களையும் வணிகர்களையும் கொன்றது. பிள்ளைகளைப் பிடித்துச் சென்று படையில் சேர்த்தது. விடுதலை தருவதாகச் சொன்னவர்களிடமிருந்து மக்கள் தப்பி ஓடினார்கள். மக்கள் ஆதரவு இல்லாத கிளர்ச்சிப்படை பொதுவாக நீடிக்காது. சாப்பாடு, தகவல், ஒளிந்துகொள்ள இடம் எல்லாமே ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கின்றன. ஆர்.யு.எஃப். நீடித்தது. கோனோ மாவட்டத்தின் ஆற்றுமணலில், சல்லடையும் மண்வெட்டியும் இருந்தாலே எடுக்கக்கூடிய வைரம் கிடந்தது. அது லைபீரியா வழியாக வெளியே போயிற்று. அதே வழியில் ஆயுதம் உள்ளே வந்தது. மக்களின் சம்மதம் இல்லாமலே போர் நடத்த வைரம் போதுமானதாக இருந்தது. மக்கள் தேவைப்படாதபோது, அவர்களை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது.

அரசுப் படையின் நிலையும் மோசம். பகலில் சிப்பாய், இரவில் கொள்ளைக்காரன் என்று திரிந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் ஒரு பெயரே வைத்தார்கள்: சோல்ஜர், ரெபல் இரண்டையும் ஒட்டி "சோபல்". ராணுவத்தை நம்ப முடியாத தெற்கிலும் கிழக்கிலும் மரபுவழி வேட்டைக்காரர்கள் கமஜோர் என்ற ஊர்க்காவல் படையாகத் திரண்டார்கள். ஒரு கிராமம் கமஜோர்களுக்கு ஆதரவு தருகிறது என்ற சந்தேகம் வந்தால், ஆர்.யு.எஃப். முழுக் கிராமத்துக்கும் தண்டனை விதித்தது.

அறுவடையும் வாக்கும்

கை வெட்டுதல் ஒரு முறையாக உருவெடுத்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1995-இன் அறுவடைப் பருவத்தில், தெற்கே போ, மொயாம்பா பகுதிக் கிராமங்களில் பெண்களின் கைகள் வெட்டப்பட்டன. நெல் அறுக்கும் கைகள் அவை. அறுவடை தொடங்கினால் ஆர்.யு.எஃப். பிடித்து வைத்திருந்த ஆட்கள் வயலைத் தேடி ஊருக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயம் அதற்கு இருந்தது. அறுவடையே நடக்காமல் போனால் யாரும் ஓட மாட்டார்கள். இதில் வெறி எங்கே இருக்கிறது? இது ஒரு முதலாளியின் கணக்கு மாதிரி இருக்கிறது.

அடுத்து தேர்தல் வந்தது. அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்த ராணுவத்தினர் தேர்தலைத் தள்ளிப்போடப் பார்த்தார்கள். "முதலில் சமாதானம், பிறகு தேர்தல்" என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகவே ஒலித்தது. 1996 பிப்ரவரியில் தலைநகர் ஃப்ரீடவுனின் பிந்துமனி ஹோட்டலில் கூடிய பொதுமக்கள் மாநாட்டில், பெண்கள் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அதை மறுத்து, குறித்த நாளில் வாக்களித்தே தீருவோம் என்று நின்றன. ஆர்.யு.எஃப். அதற்கு அளித்த பதிலுக்கு ஒரு பெயர் இருந்தது: தேர்தலை நிறுத்தும் நடவடிக்கை. வாக்களித்தால் கை இருக்காது என்று சொல்லி, சொன்னபடியே வெட்டினார்கள். எதிர்காலம் உங்கள் கைகளில் என்பது அந்தத் தேர்தல் காலத்தின் முழக்கம். அந்தக் கைகளைத்தான் எடுத்தார்கள்.

வாக்கு மையை விரலில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிள்ளைகளிடம் காட்டிச் சிரிக்கும் சமூகத்தில் வாழும் நமக்கு, இதை ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது கடினமல்ல. அந்த மை அங்கே சாட்சியமாக மாறியது. பிப்ரவரி 26, 27 தேதிகளில், துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஊர்களிலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். மார்ச்சில் நடந்த இரண்டாம் சுற்றில் அகமத் தேஜான் கப்பா கிட்டத்தட்ட 60 சதவீத வாக்குகளுடன் அதிபரானார். இந்தப் போரைப் பற்றிப் பேசுபவர்கள் வெட்டியவர்களின் கொடூரத்தைச் சொல்லும் அளவுக்கு, வாக்களித்தவர்களின் துணிச்சலைச் சொல்வதில்லை. எனக்கு அது பெரும் குறையாகத் தோன்றுகிறது.

கப்பாவிடம் போய்க் கேள்

1996 நவம்பரில் ஐவரி கோஸ்டின் அபிஜானில் அரசுக்கும் ஆர்.யு.எஃப்.புக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, சில மாதங்களில் செல்லாக்காசானது. 1997 மே 25 அன்று ராணுவத்தின் ஒரு பிரிவு ஆட்சியைப் பிடித்தது. ஜானி பால் கொரோமா தலைமையிலான அந்த ராணுவக் குழு, அதுவரை தான் எதிர்த்துப் போரிட்ட ஆர்.யு.எஃப்.பைத் தலைநகருக்கு அழைத்து ஆட்சியில் பங்கு கொடுத்தது. 1998 பிப்ரவரியில், நைஜீரியா தலைமையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் அனுப்பிய எகோமாக் என்ற கூட்டுப்படை இருவரையும் ஃப்ரீடவுனிலிருந்து துரத்தியது. கப்பா நாடு திரும்பினார்.

பின்வாங்கியபோது நடந்தவைதான் போரின் மிகக் கொடிய அத்தியாயம். முதலில் "உன் கூலியை நீயே எடுத்துக்கொள்" என்ற பெயரில் ஒரு நடவடிக்கை; சம்பளம் கொடுக்க வழியில்லாத தலைமை, சூறையாடச் சொல்லி வெளிப்படையாகவே அனுமதி தந்தது. பிறகு "உயிருள்ள எதுவும் மிஞ்சக்கூடாது" என்று இன்னொன்று. கைலாஹுன் ஊரில், கமஜோர்கள் என்ற சந்தேகத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்த 60-க்கும் மேற்பட்ட ஆண்கள், ஆர்.யு.எஃப். தளபதி சாம் பொக்காரியின் உத்தரவின்பேரில் கொல்லப்பட்டார்கள். கோனோவின் தலைநகர் கோய்டு எரிக்கப்பட்டது.

கயிமா என்ற ஊரில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பிடிபட்ட ஆண்களின் உடலில் அமைப்பின் பெயரைக் கத்தியால் செதுக்கினார்கள். அதன் உபயோகம் என்ன? உடலில் அந்த எழுத்துகளோடு ஒருவன் தப்பி எகோமாக் பக்கம் போனால், அங்கே அவன் கிளர்ச்சியாளன் என்று கருதிக் கொல்லப்படுவான். ஆகவே ஓட முடியாது. சங்கிலியும் காவலும் இல்லாத சிறை அது. இந்த யோசனை ஒருவரின் மண்டையில் உதித்து, மற்றவர்கள் அதை ஏற்று, வரிசையாகச் செய்து முடித்திருக்கிறார்கள்.

அதே மாதங்களில் கிராமம் கிராமமாக இரு கைகளும் வெட்டப்பட்டவர்கள் உயிரோடு விடப்பட்டார்கள். "கப்பாவிடம் போ, அவர் புதுக் கை தருவார்" என்று சொல்லி அனுப்பப்பட்டதாகப் பல இடங்களிலிருந்து வந்த சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்களின் வாக்குமூலங்களில் அதே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அது மேலிருந்து வந்த வாசகம். வெட்டுப்பட்டவர்கள் காட்டுப் பாதையில் நாட்கணக்கில் நடந்தார்கள். துணியைச் சுற்றி, தண்ணீர்கூடத் தானாகக் குடிக்க முடியாமல், பின்னால் வரும் பிள்ளையைப் பிடித்து நடத்தக் கையில்லாமல். வழியில் ரத்தம் போய் இறந்தவர்களின் எண்ணிக்கை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிழைத்துத் தலைநகரை அடைந்தவர்களே கடிதங்கள்; முகவரி, அதிபர் மாளிகை.

1999 ஜனவரி 6: யார் செய்தது?

1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சியாளர்கள் ஃப்ரீடவுனுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். பொதுமக்களைக் கேடயமாக முன்னால் நடத்திக்கொண்டு வந்தார்கள். சுமார் மூன்று வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். எகோமாக் திருப்பித் தாக்கி அவர்களைக் கிழக்கே தள்ளியபோது, கிஸ்ஸி, வெலிங்டன், கலாபா டவுன் பகுதிகளில் தெருத்தெருவாக வீடுகள் எரிந்தன, கைகள் வெட்டப்பட்டன. கிஸ்ஸியில் மசூதிக்குள் அடைக்கலம் புகுந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். நகரைக் காக்க வந்த எகோமாக் வீரர்களும், கிளர்ச்சியாளர் என்று சந்தேகித்தவர்களை விசாரணையின்றிச் சுட்டார்கள். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

பெரும்பாலான கட்டுரைகள் இந்தத் தாக்குதலை ஆர்.யு.எஃப். கணக்கில் எழுதிவிடுகின்றன. போர்க்குற்றங்களை விசாரிக்கப் பின்னர் அமைந்த சிறப்பு நீதிமன்றம் நுணுக்கமாகப் பார்த்தது. நகருக்குள் வந்த படையை நடத்தியவர்கள் பெரும்பாலும் 1997-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழுவினர். அவர்களுக்கும் ஆர்.யு.எஃப். தலைமைக்கும் இடையே 1998 ஏப்ரல் இறுதியிலேயே கூட்டுத்திட்டம் முறிந்துவிட்டது என்று தீர்ப்பு சொன்னது. அதனால் ஆர்.யு.எஃப். வழக்கின் குற்றவாளிகள் மூவரும் ஃப்ரீடவுன் குற்றங்களுக்குப் பொறுப்பாளிகள் என்று தீர்க்கப்படவில்லை. நாட்டைக் காக்கச் சம்பளம் வாங்கிய ராணுவத்திலிருந்து வந்தவர்களே தலைநகரில் கைகளை வெட்டினார்கள் என்பது, "காட்டிலிருந்து வந்த வெறியர்கள்" என்ற கதையில் பொருந்தாத உண்மை. ஆர்.யு.எஃப். கண்டுபிடித்த முறை பயன் தருகிறது என்று பார்த்து, மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆம், பயன் தந்தது. இதை எழுதவே கசக்கிறது. கையில்லாக் குழந்தைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. எப்படியாவது போரை நிறுத்துங்கள் என்ற அழுத்தம் கப்பாமீது விழுந்தது. 1999 ஜூலை 7 அன்று டோகோவின் லோமே நகரில் கையெழுத்தான ஒப்பந்தம், அனைவருக்கும் முழு மன்னிப்பு வழங்கியது. முந்தைய ஆண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த சாங்கோ விடுதலையாகி, துணை அதிபருக்கு நிகரான தகுதியோடு, நாட்டின் கனிம வளங்களைக் கவனிக்கும் ஆணையத்துக்குத் தலைவரானார். வைரத்துக்காக ஊர்களை எரித்தவரிடமே வைரத்தின் சாவி போயிற்று.

அந்த மேசையில் ஒரு சிறு காரியம் நடந்தது. ஐ.நா. பிரதிநிதி பிரான்சிஸ் ஒகேலோ கையெழுத்திடும்போது, இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் ஆகியவற்றுக்கு இந்த மன்னிப்பு பொருந்தும் என்று ஐ.நா. கருதவில்லை என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். அன்று அது ஓரத்தில் கிடந்த வரி.

மன்னிப்பு கிடைத்தவர்கள் அடங்கினார்களா? 2000 மே மாதம் ஆர்.யு.எஃப். ஐ.நா. அமைதிப்படையினர் சுமார் 500 பேரைப் பிடித்து வைத்தது. கைலாஹுனில் இருநூற்றுச் சொச்சம் இந்திய வீரர்கள் இரண்டு மாதத்துக்கும் மேல் முற்றுகையில் இருந்து, ஜூலையில் 'குக்ரி' என்ற ராணுவ நடவடிக்கையால் மீண்டார்கள். மே 8 அன்று ஃப்ரீடவுனில் சாங்கோவின் வீட்டு முன் திரண்ட மக்கள்மீது அவருடைய காவலர்கள் சுட்டதில் சுமார் 20 பேர் இறந்தார்கள். தப்பியோடிய சாங்கோ சில நாட்களில் பிடிபட்டார். பிரிட்டிஷ் படைகள் வந்தன, வைரத்துக்கு ஐ.நா. தடை வந்தது, ஆர்.யு.எஃப். படிப்படியாக ஆயுதத்தை ஒப்படைத்தது. 2002 ஜனவரி 18 அன்று போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. கிரியோ மொழியில் மக்கள் அதைச் சொன்ன விதம்: "டி வார் டான் டான்". போர் முடிஞ்சே போச்சு என்று நம் ஊரில் ஒரு பாட்டி சொல்வது போன்ற தொனி அது.

தீர்ப்பு

ஐ.நா.வும் சியரா லியோன் அரசும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் ஃப்ரீடவுனிலேயே இயங்கியது. லோமே மன்னிப்பு தங்கள் விசாரணையைத் தடுக்காது என்று 2004-இல் அது தீர்ப்பளித்தது. ஒகேலோ எழுதிய வரி வீண்போகவில்லை. சாங்கோ விசாரணை முடியுமுன் 2003-இல் காவலில் இறந்தார். பொக்காரி அதே ஆண்டு லைபீரியாவில் கொல்லப்பட்டார். ஆர்.யு.எஃப். தலைவர்களில் இசா செசேக்கு 52 ஆண்டுகள், மோரிஸ் கல்லோனுக்கு 40, ஆகஸ்டின் பாவோவுக்கு 25 என்று 2009-இல் தண்டனை விதிக்கப்பட்டது. ராணுவக் குழுவின் மூவர் 2007-இல் தண்டிக்கப்பட்டார்கள். சிறுவர்களைப் படையில் சேர்த்ததற்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முதலில் தண்டித்தது அந்த வழக்கில்தான். பெண்களைக் கடத்திப் "புஷ் மனைவி" என்று வைத்துக்கொண்டதைக் கட்டாயத் திருமணம் என்ற தனிக் குற்றமாகவே நீதிமன்றம் பார்த்தது. சார்ல்ஸ் டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டுகள்.

என் வாதத்துக்கு மிக முக்கியமானது, பயங்கரத்தைப் பரப்பிய குற்றத்துக்காகக் கிடைத்த தண்டனை. அந்தக் குற்றத்தை நிரூபிக்க, வன்முறை நடந்ததைக் காட்டினால் போதாது. மக்களிடையே பீதியைப் பரப்பும் நோக்கத்தோடு நடந்தது என்று காட்ட வேண்டும். நீதிபதிகள் கோனோவின் கைகளையும் கயிமாவின் உடல்களையும் பார்த்து, நோக்கம் இருந்தது என்றே முடிவு செய்தார்கள். உண்மை ஆணையம் 7,000-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைத் திரட்டி, பதிவான அத்துமீறல்களில் சுமார் 60 சதவீதம் ஆர்.யு.எஃப். செய்தவை என்று கணக்கிட்டது. மீதியில் அரசுப்படைக்கும் கமஜோர்களுக்கும் பங்கு உண்டு. கமஜோர் தலைவர்கள் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள்.

மீதி வாழ்க்கை

ஃப்ரீடவுனின் மர்ரே டவுனில் கை கால் இழந்தவர்களுக்கென்று ஒரு முகாம் இருந்தது. அங்கே இரு கைகளும் போனவர்களில் சிலருக்கு க்ருக்கன்பெர்க் என்ற அறுவை சிகிச்சை செய்தார்கள். முதல் உலகப்போரில் கையிழந்த ஜெர்மன் வீரர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. முன்கையின் இரண்டு எலும்புகளையும் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் தசையையும் தோலையும் போர்த்தி, இடுக்கி போல விரியவும் மூடவும் பழக்குவார்கள். பார்க்க விகாரமாக இருக்கும். நண்டின் கொடுக்கு போல. ஆனால் தொடுவுணர்வு இருக்கும். செயற்கைக் கை கரண்டியைப் பிடிக்கும். சோறு சூடா ஆறியதா என்று சொல்லாது. மகனின் நெற்றி கொதிக்கிறதா என்று இதனால் அறிய முடியும். முழுக்கை வெட்டு விழுந்தவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சைக்கு வாய்ப்பு. அரைக்கைக்காரர்களுக்குப் பிரிக்க முன்கையே இல்லை.

ஆயுதம் ஒப்படைத்த சுமார் 72,000 பேருக்கு மறுவாழ்வுத் திட்டமும் தொழிற்பயிற்சியும் வந்தன. அது தவறில்லை, கொடுக்காவிட்டால் போர் திரும்பியிருக்கும். ஆனால் வெட்டியவன் தச்சு வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, வெட்டுப்பட்டவர் ஃப்ரீடவுன் தெருவில் பிச்சைக் கிண்ணத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தார். போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி அமைக்கப்படும் என்று லோமே ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இழப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வர ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. ஐ.நா. நிதியிலிருந்து சுமார் 30 லட்சம் டாலர். பதிவு செய்தவர்கள் 30,000-க்கும் மேல். ஆளுக்கு முதல் தவணை 3,00,000 லியோன், அன்றைய மதிப்பில் சுமார் 100 டாலர். ஒன்பது பேருக்குத் தண்டனை வழங்கிய சிறப்பு நீதிமன்றத்துக்கு ஆன செலவு 20 கோடி டாலருக்கும் மேல். நீதிமன்றம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விஷயங்கள் வதந்தியாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரே போரின் இரண்டு கணக்குகள் இவை. இரண்டாவதை எழுத இத்தனை தாராளம் இருந்த உலகம், முதலாவதில் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மர்ரே டவுன் முகாமில் 2001-இல் ஒரு கால்பந்து அணி பிறந்தது. லம்லி கடற்கரை மணலில் ஆடுவார்கள். ஒற்றைக் காலுடையவர்கள் ஊன்றுகோல்களுடன் ஓடிப் பந்தை உதைப்பார்கள். கோல் காப்பவருக்குக் கால் இரண்டும் உண்டு, கை ஒன்றுதான், விதியே அப்படி. இரண்டு கைகளும் போனவர்களுக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை.